வயசுக்கு வருவதற்கு முன்பே பேசுங்கள்: மாதவிடாய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகள் பேர் எழுதாமல் சீட்டில் எழுதிப் போடும் கேள்விகள், பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு அம்மாக்கள் தயங்கித் தயங்கிக் கேட்பவை, மகளிர் குழுக் கூட்டங்களில் வருபவை, சில வருடங்களாக அப்பாக்களும் கேட்பவை எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பிள்ளைகள் கேட்டதற்குப் பிள்ளைகளிடம் பேசுவதுபோலவே பதில் எழுதியிருக்கிறேன். மருத்துவம் பற்றிச் சொல்லியிருப்பவை பொதுவானவை. உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

பெண் பிள்ளையிடம் இதைப் பற்றி எந்த வயதில் பேச ஆரம்பிக்கலாம்?

ஒன்பது, பத்து வயதில். அதாவது நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிக்கும்போதே. "அவ்வளவு சின்னப் பிள்ளையிடமா?" என்று கேட்காத அம்மா இல்லை. சின்னப் பிள்ளைதான். ஆனால் ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலுமே நிறையப் பிள்ளைகள் வயசுக்கு வந்துவிடுகிறார்கள். சிலர் ஐந்தாம் வகுப்பிலேயே. நம் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'வளரிளம் பருவமடைதல்' என்றொரு பாடம் இருக்கிறது. நல்ல பாடம்தான். ஆனால் அதை நடத்தும் நாளில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பலருக்கு அது நடந்து ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகியிருக்கும். பயப்பட வேண்டியதெல்லாம் பயந்து முடித்துவிட்டுத்தான் பாடத்துக்கே வருகிறார்கள்.

முன்கூட்டி எதுவும் தெரியாத பிள்ளை ஜட்டியில் ரத்தத்தைப் பார்த்தால் என்ன நினைக்கும்? எங்கோ அடிபட்டுவிட்டது என்று நினைக்கும். பெரிய வியாதி வந்துவிட்டது என்று நினைக்கும். வீட்டில் திட்டுவார்களோ என்று யாரிடமும் சொல்லாமல் பாவாடையைத் தானே கசக்கிக் காயப்போடும். ஐந்து நிமிடம் பேசினால் இந்தப் பயம் வராது. அதனால்தான் இதை முதல் கேள்வியாக வைத்தேன். நாப்கின், கழிவறை, மாத்திரை எல்லாம் அப்புறம்.

பெரிய விளக்கம் ஒன்றும் வேண்டாம். தலை பின்னிவிடும்போது சொல்லலாம்: "இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல, அம்மாவுக்கு வர்ற மாதிரி உனக்கும் மாசா மாசம் கொஞ்சம் ரத்தம் வரும். அடிபட்டு வர்றது இல்ல, பயப்படாதே. ஸ்கூல்ல வந்தா டீச்சர்கிட்ட சொல்லு, வீட்ல வந்தா என்கிட்ட சொல்லு." இவ்வளவுதான். அப்படியே ஒரு பேடைப் பிரித்து, பசை எந்தப் பக்கம் இருக்கிறது, ஜட்டியில் எப்படி ஒட்டுவது என்று அவள் கையிலேயே கொடுத்துப் பழக்குங்கள். பள்ளிப் பையின் உள் ஜிப்பில் ஒரு பேடும் மாற்று ஜட்டியும் அன்றிலிருந்தே இருக்கட்டும்.

இது கெட்ட ரத்தமா? நிறைய போனால் உடம்பில் ரத்தம் தீர்ந்துவிடுமா?

கெட்ட ரத்தம் இல்லை. மாதாமாதம் கருப்பையின் உள்பக்கம் ஒரு மெத்தையான படலம் வளர்கிறது. கரு தங்கினால் அதற்கு வேண்டும் என்று உடம்பு செய்யும் ஏற்பாடு அது. கரு தங்காத மாதம் அந்தப் படலம் உதிர்ந்து, ரத்தத்தோடு சேர்ந்து வெளியே வருகிறது. அழுக்கு வெளியேறுகிறது என்று பாட்டி சொன்னால் பாட்டியோடு சண்டை போட வேண்டாம், ஆனால் நீ அதை நம்ப வேண்டாம்.

பார்க்க நிறையப் போவதுபோல் இருக்கும். உண்மையில் ஒரு மாதத்துக்குச் சராசரியாக 30 முதல் 40 மில்லிதான். 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம். அதை யாரும் அளந்து பார்க்க முடியாது என்பதால் இப்படிக் கணக்கு வைத்துக்கொள்: ஒரு மணி நேரத்துக்கோ இரண்டு மணி நேரத்துக்கோ ஒரு பேட் முழுசாக நனைகிறது, பெரிய பெரிய கட்டிகளாக வருகிறது, ஏழு நாளைத் தாண்டியும் நிற்கவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது. இதில் எது இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

"எனக்கு ரெண்டு மாசமா வரலை மிஸ். பயமா இருக்கு."

வயசுக்கு வந்த முதல் இரண்டு வருடம் உடம்பு இன்னும் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்காது. பெரியவர்களுக்கு 21 நாளிலிருந்து 35 நாளுக்குள் வரும். உன் வயதில் 45 நாள் வரைக்கும் போகலாம். ஒரு மாதம் தள்ளிப்போவது சகஜம். மூன்று மாதம் ஆகியும் வரவில்லை என்றால் அம்மாவோடு போய் மருத்துவரைப் பார். 15 வயது முடிந்தும் ஒரு தடவைகூட வரவில்லை என்றாலும் பார்க்க வேண்டும். தேதியைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வை, மருத்துவர் முதலில் கேட்பதே அதைத்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். யாராவது உன்னிடம் தப்பாக நடந்து, அதனால் நீ பயந்துபோய் இதைக் கேட்டிருந்தால், தப்பு உன்மேல் இல்லை. நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் இன்றைக்கே சொல்லு. வீட்டில் சொல்ல முடியவில்லை என்றால் 1098-க்குக் கூப்பிடு. காசு கிடையாது, இரவிலும் எடுப்பார்கள்.

வயிற்று வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

வேண்டாம். "எங்களுக்கெல்லாம் வலிக்கலையா" என்று சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் இந்த வலியை இல்லை என்று ஆக்கிவிட்டோம். கருப்பை தன் தசையைச் சுருக்கித்தான் படலத்தை வெளியே தள்ளுகிறது. சுருங்கச் செய்வது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். அது அதிகமாகச் சுரப்பவர்களுக்கு வலியும் அதிகம். கூடவே வாந்தி, வயிற்றுப்போக்கு, இடுப்பு வலி எல்லாம் வரும். நடிப்பு இல்லை.

வெந்நீர்ப் பையோ, துணியில் சுற்றிய சுடுதண்ணீர் பாட்டிலோ அடிவயிற்றில் வைத்தால் நன்றாகவே கேட்கும். மெஃபனாமிக் அமிலம், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பையே குறைக்கின்றன. மருத்துவர் சொன்ன அளவில், சாப்பிட்டபிறகு, வலி தொடங்கும்போதே போட்டால் பலன் தெரியும். வயிற்றுப்புண், ஆஸ்துமா இருப்பவர்கள் கேட்காமல் போடக் கூடாது. மாத்திரை போட்டும் மாதாமாதம் பள்ளிக்கு வர முடியவில்லை, வருடத்துக்கு வருடம் வலி கூடிக்கொண்டே போகிறது என்றால் அதை விட்டுவிடக் கூடாது. கருப்பைப் படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற காரணம் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கவே பல பெண்களுக்கு வருடக் கணக்காகிறது, ஏனென்றால் முதலில் வீட்டில் நம்ப வேண்டும்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை பார்க்கும் சுமார் 100 பெண்களிடம் பேசி தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019-இல் ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால், பேரும் தேதியும் எதுவும் இல்லாத மாத்திரையை வேலை இடத்திலேயே கொடுத்து மறுபடி மெஷினில் உட்காரவைத்ததாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். அது வலி மாத்திரைதான் என்றாலும், பக்க விளைவு என்ன, ஒரு நாளைக்கு எத்தனை போடலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே அட்டையைப் பார்க்காமல் எந்த மாத்திரையையும் வாயில் போடாதீர்கள். கொடுப்பவர் யாராக இருந்தாலும் பேர் கேளுங்கள்.

துணி நல்லதா, பேட் நல்லதா, கப் நல்லதா?

எது கைக்கு எட்டுகிறதோ, எதைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடிகிறதோ, அது நல்லது. பேட் வைத்தால் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். கொஞ்சமாகத்தான் பட்டிருக்கிறது என்று காலையில் வைத்ததைச் சாயங்காலம் வரை வைத்திருந்தால் தொடை உரசிப் புண்ணாகும், அரிப்பு வரும்.

துணி மோசம் என்று நான் சொல்லமாட்டேன். மென்மையான பருத்தித் துணி, சோப்புப் போட்டுத் துவைத்து, சுள்ளென்ற வெயிலில் காயவைத்தது என்றால் அதில் குறை ஒன்றும் இல்லை. சிக்கல் காயவைக்கும் இடத்தில்தான். அண்ணன் தம்பி பார்த்துவிடுவார்கள் என்று கட்டிலுக்கு அடியிலும், கதவுக்குப் பின்னாலும், மற்ற துணிக்கு உள்ளே மறைத்தும் போடுகிறோம். அரைகுறையாகக் காய்ந்த அந்த ஈரத்தில்தான் கிருமி வளர்கிறது. கொடியில் பனியன் காயும்போது இதுவும் காயலாம்.

மாதவிடாய்க் கப் என்பது பிறப்புறுப்புக்குள் வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் சின்னக் கிண்ணம், மருத்துவ சிலிக்கானில் செய்தது. ஒன்று வாங்கினால் பல வருடம் வரும், குப்பையே இல்லை. கேரளத்தில் ஆலப்புழை நகராட்சியில் 2019-இல் பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். 'திங்கள்' என்ற திட்டத்தில் 5,000 பெண்களுக்குக் கப் கொடுத்தது. எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி 2022-இல் தன்னை நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவித்துக்கொண்டது. மீன்பிடிக் கிராமத்துப் பெண்கள் பழகிக்கொண்டார்கள் என்றால் நம் ஊரிலும் பழகலாம். ஆனால் கை கழுவத் தண்ணீரும், கொதிக்கவைக்கத் தனிப் பாத்திரமும், உள்ளே வைத்துப் பழக இரண்டு மூன்று மாதப் பொறுமையும் வேண்டும். கல்யாணம் ஆகாதவர்கள் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வைக்கலாம். பெண்ணின் ஒழுக்கத்துக்கும், கன்னிச்சவ்வு என்று சொல்கிற பிறப்புறுப்பு வாயில் இருக்கும் ஒரு மெல்லிய சவ்வுக்கும் சம்பந்தம் கிடையாது. அது ஓடும்போதும் சைக்கிள் ஓட்டும்போதும்கூட விரியலாம், கிழியலாம்.

பேட் வாங்கக் காசு இல்லை. இலவசமாக எங்கே கிடைக்கும்?

தமிழ்நாட்டில் 2011-இல் அறிவித்த 'புதுயுகம்' திட்டம் இருக்கிறது. 10 முதல் 19 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளுக்கு, பள்ளியில் படித்தால் பள்ளி வழியாக, படிக்கவில்லை என்றால் அங்கன்வாடி வழியாக நாப்கின் கிடைக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் பிரசவமான தாய்மார்களுக்கும், சிறையில் இருக்கும் பெண்களுக்கும் உண்டு. கிராமத்துப் பிள்ளைகளுக்கென்று தொடங்கியது, பிறகு நகரத்துக்கும் வந்தது. நாட்டில் இதை முதலில் இவ்வளவு பெரிதாகச் செய்த மாநிலங்களில் ஒன்று நம்முடையது, அதில் எனக்குப் பெருமை உண்டு.

அதே சமயம் கணக்கைப் பார்ப்போம். திட்டத்தில் வகுத்த அளவு, இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 பேட். மாதத்துக்கு ஒன்பது வருகிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று ஐந்து நாளுக்கு மாற்றினால் இருபது வேண்டும். ராத்திரி மாற்றுவதைக் கழித்தாலும் பதினைந்து. ஒன்பதை வைத்து ஐந்து நாளை ஓட்டும் பிள்ளை என்ன செய்யும்? மாற்றாமல் வைத்திருக்கும். 'பேட் கொடுத்துவிட்டோம்' என்று பதிவேட்டில் டிக் அடிப்பதோடு முடிந்துவிடுகிற விஷயம் இல்லை இது. பாக்கெட் சரியாக வரவில்லை என்றால் தலைமை ஆசிரியரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் கேளுங்கள். கேட்கிற ஊருக்கு வந்துசேர்கிறது.

காசு கொடுத்து வாங்குவதில் மலிவானது ஒன்றிய அரசின் மக்கள் மருந்தகங்களில் (ஜன் ஔஷதி) கிடைக்கும் 'சுவிதா' நாப்கின். 2019 ஆகஸ்டிலிருந்து ஒரு பேட் 1 ரூபாய். இன்னொரு சங்கதி: 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீத வரி போட்டார்கள். குங்குமத்துக்கும் வளையலுக்கும் வரி இல்லை, இதற்கு மட்டும் ஏன் என்று நாடு முழுக்கப் பெண்கள் கேட்டபிறகு 2018 ஜூலையில் எடுத்தார்கள். சத்தம் போட்டால் நடக்கிறது.

பேட் இருக்கிறது. அப்புறம் ஏன் பிள்ளைகள் அந்த நாட்களில் பள்ளிக்கு வருவதில்லை?

பள்ளிக் கழிவறைக்குள் போய்ப் பாருங்கள், புரியும். ஒரு பிள்ளை அங்கே பேட் மாற்ற வேண்டும் என்றால் என்னென்ன வேண்டும்? முதலில் சாவி. பல பள்ளிகளில் கழிவறையைப் பூட்டி, சாவியை அலுவலக அறையில் ஆணியில் மாட்டியிருப்பார்கள். ஆண் ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் போய்ச் சாவி கேட்பதற்குப் பதில் அப்படியே இருந்துவிடலாம் என்று பிள்ளை நினைக்கும். சாவி கிடைத்தால், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. வெளியே தோழி பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தரை ஈரம். துப்பட்டாவை மாட்ட ஒரு கொக்கி கிடையாது, புதுப் பேடை வைக்க ஒரு திட்டு கிடையாது. ஒரு கையில் சுடிதாரைத் தூக்கிப் பிடித்து, பேடை வாயில் கவ்விக்கொண்டு மாற்றுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பழையதைப் போடக் குப்பைத் தொட்டி இல்லை, கை கழுவச் சோப்பு இல்லை.

தாழ்ப்பாள், கொக்கி, மூடியுள்ள தொட்டி, பக்கெட், மக், சோப்பு. எல்லாம் சேர்ந்து என்ன பெரிய செலவு? இவை கட்டடத் திட்டத்தில் எழுதப்படுவதில்லை, அதனால் யார் வேலையும் இல்லாமல் போய்விடுகிறது. நாட்டில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் நாப்கின் போன்றவற்றைப் பயன்படுத்துபவர்கள் 2015-16-இல் 57.6 சதவீதமாக இருந்து 2019-21-இல் 77.3 சதவீதமாக உயர்ந்ததாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கணக்கில் எதை வைக்கிறாள் என்பதுதான் இருக்கிறது. எங்கே மாற்றுகிறாள் என்பது இல்லை.

பெற்றோர்கள் இதில் நிறையச் செய்ய முடியும். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். குழுவில் இருக்கும் அம்மாக்கள் கூட்டத்தன்று கழிவறையை ஒரு நடை பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள். அங்கே நடக்கவில்லை என்றால் கிராம சபை இருக்கிறது. மே 1, ஆகஸ்ட் 15 என்று வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது, எழுந்து நின்று கேட்கலாம், தீர்மானமாக எழுதச் சொல்லலாம். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே பள்ளி மாணவிகளின் மாதவிடாய் சுகாதாரத்துக்கு நாடு முழுவதற்கும் ஒரே கொள்கை வகுக்கச் சொல்லி ஒன்றிய அரசைக் கேட்டது. நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

பயன்படுத்திய பேடை எரிக்கலாமா?

எரிக்க வேண்டாம். அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக். குறைந்த சூட்டில் எரிந்தால் நச்சுப் புகை வரும். பள்ளிகளில் வைத்திருக்கும் சின்ன எரியூட்டி இயந்திரங்களிலும் இதே சிக்கல் உண்டு. கழிவறைக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், அடைத்துக்கொள்ளும். செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, மேலே பேனாவால் ஒரு சிவப்புக் குறி போட்டு, தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். அரசின் திடக்கழிவு விதிகளே சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்கின்றன. அந்தப் பொட்டலத்தைப் பிரித்து எடுப்பது இன்னொரு பெண்ணின் வெறும் கையாக இருக்கக்கூடும்.

மூன்று நாள் தனியாக உட்காரவைப்பது ஓய்வு கொடுக்கத்தானே?

ஓய்வு என்றால் அவள் தூங்கும் கட்டிலில், ஃபேனுக்குக் கீழே, வேலை வாங்காமல் படுக்கவைக்கலாம். திண்ணையிலும் மாட்டுக் கொட்டகை ஓரத்திலும் தட்டையும் டம்ளரையும் பிரித்துக் கொடுப்பதற்கு ஓய்வு என்று பேர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. தஞ்சாவூர் மாவட்டம் பட்டுக்கோட்டைப் பக்கம் அணைக்காடு கிராமத்தில் 14 வயதுப் பிள்ளை ஒருத்தி அப்போதுதான் வயசுக்கு வந்திருந்தாள். வீட்டுக்கு வெளியே கட்டிய குடிசையில் தங்கவைத்திருந்தார்கள். தென்னை மரம் குடிசைமேல் சாய்ந்து இறந்துபோனாள். அந்தப் பெற்றோர் பிள்ளைமேல் பாசம் இல்லாதவர்கள் இல்லை. புயல் வருகிறது என்று தெரிந்தும், அவளை உள்ளே கூப்பிட்டால் தீட்டு என்கிற பயம் காற்றைவிடப் பெரிதாக இருந்துவிட்டது. மதுரை மாவட்டத்தில் கூவலாபுரம் போன்ற ஊர்களில் அந்த நாட்களில் பெண்கள் போய்த் தங்க ஊருக்குப் பொதுவாக முட்டுவீடு இருக்கிறது.

படித்தவர்களிடம் இது இல்லை என்று நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி, மாதவிடாய் என்பதால் வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து முழு ஆண்டுத் தேர்வு எழுதிய காணொளி வெளியானது. தலைமை ஆசிரியை பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். எழுதப் படிக்கச் சொல்லித் தரும் இடத்திலேயே இது நடந்தது என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

சாமி கும்பிடுவதும் கும்பிடாமல் இருப்பதும் அவரவர் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் தொட்டால் ஊறுகாய் கெடாது, செடி பட்டுப்போகாது, தினமும் குளிக்கலாம், தலைக்கும் ஊற்றலாம், விளையாடலாம்.

சடங்கு வைக்கலாமா?

உறவெல்லாம் கூடிப் பிள்ளையைச் சந்தோஷப்படுத்துவதில் தப்பு என்ன? தாய்மாமன் சீர் கொண்டுவரட்டும். ஆனால் அவளிடம் கேளுங்கள். தெருமுனையில் தன் படம் போட்ட ஃபிளெக்ஸ் பேனரைப் பார்த்துக் கூசிப்போகும் பிள்ளைகள் அதிகம். கடன் வாங்கி மண்டபம் பிடிக்காதீர்கள். முக்கியமாக, பதினாறு நாள் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருக்காதீர்கள். சடங்கு முடிந்த கையோடு மாப்பிள்ளைப் பேச்சு எடுப்பவர்களைப் பக்கத்திலேயே விடாதீர்கள். பெண்ணுக்கு 18 வயது ஆகாமல் கல்யாணம் செய்வது குற்றம்.

என்ன சாப்பிடக் கொடுக்க வேண்டும்?

நம் பெரியவர்கள் கொடுத்த உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுச் சர்க்கரை எல்லாம் நல்ல சாப்பாடு. பச்சை முட்டையை மட்டும் அப்படியே குடிக்கக் கொடுக்காதீர்கள், வேகவைத்துக் கொடுங்கள், கிருமி இருக்கலாம். ஆனால் பதினாறு நாள் ஊட்டிவிட்டு, அப்புறம் வருடம் முழுக்க மீதியைச் சாப்பிடு என்று விட்டால் என்ன பிரயோஜனம்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கும் மேல். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கடலை மிட்டாய், முட்டை, ஈரல் என்று வாரம் முழுக்க மாறி மாறி வரட்டும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்டதும் டீ குடித்தால் சேராது.

பள்ளியில் வாரம் ஒரு நீல நிற மாத்திரை தருகிறோமே, அது இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும். வயிறு புரட்டுகிறது என்று ஜன்னல் வழியாக எறிகிறார்கள். மதியம் சாப்பிட்டபிறகு போட்டால் புரட்டாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

அம்மா இல்லாத வீடு. அப்பாவாகிய நான் எப்படிப் பேசுவது?

ஒரு அப்பா இதை என்னிடம் கேட்டபோது அவர்மேல் மரியாதை கூடியது. அத்தையிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ சொல்லச் சொல்லலாம், ஆனால் அதோடு விலகிக்கொள்ளாதீர்கள். கடையில் நீங்களே போய் இரண்டு பாக்கெட் வாங்கி அலமாரியில் வைத்து, "இது இங்கே இருக்கு பாப்பா, தீர்ந்தா சொல்லு, அப்பா வாங்கிட்டு வர்றேன்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். முதல் தடவை உங்களுக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு அது ஒரு பெரிய தைரியம்.

இந்த விஷயத்தில் ஆண்களுக்கு இடமில்லை என்பது தப்பு. மலிவாக நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கியவர் கோயம்புத்தூர்க்காரரான அருணாசலம் முருகானந்தம்தான். மனைவி கந்தல் துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்துத் தொடங்கியவர். தான் செய்த நாப்கின் எப்படி இருக்கிறது என்று கேட்டால் மருத்துவக் கல்லூரி மாணவிகள்கூட வாய் திறக்கவில்லை. கடைசியில் ரத்தம் நிரப்பிய பையைத் தன் உடம்பில் கட்டிக்கொண்டு தானே சோதித்துப் பார்த்தார். அவருடைய இயந்திரத்தை வைத்துப் பல மாநிலங்களில் மகளிர் குழுக்கள் நாப்கின் தயாரிக்கின்றன. 2016-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்தப் பாடத்தை நடத்தும்போது பையன்களை வெளியே அனுப்பிவிடலாமா?

நான் அனுப்புவதில்லை. அனுப்பினால் ஜன்னலுக்கு வெளியே நின்று சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு அடுத்த ஒரு வாரம் நடக்கும். உள்ளே உட்காரவைத்துச் சொன்னால் முதல் பத்து நிமிடம் தலையைக் குனிந்துகொண்டு இளிப்பார்கள், அப்புறம் உண்மையாகவே கேள்வி கேட்பார்கள். "எங்கக்கா அந்த நேரத்துல ஏன் மிஸ் எரிஞ்சு எரிஞ்சு விழுறா?" என்று ஒருவன் கேட்டான். பாவாடையில் கறை பட்ட பெண்ணுக்குத் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுக்கிற பையன் அந்த வகுப்பிலிருந்துதான் வருவான். அதன்பிறகு பெண் பிள்ளைகளை மட்டும் தனியாக உட்காரவைத்து இன்னொரு வகுப்பும் எடுக்க வேண்டும். சில கேள்விகள் அங்கேதான் வரும்.

மகளுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு. கருப்பையை எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

இதைக் கேட்கும் அம்மாவின் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் பராமரிப்பது சிரமம் என்பதற்காக ஒரு உறுப்பை எடுப்பது சரியில்லை. 1994-இல் மகாராஷ்டிரத்தில் ஷிரூர் அரசுக் காப்பகத்துப் பெண்களுக்கு இப்படிச் செய்தது நாடு முழுக்கக் கண்டனத்துக்கு ஆளானது. பேடை ஜட்டியில் ஒட்டுவதைப் பொம்மையில் காட்டி, தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் மாற்றிப் பழக்கினால் நிறையப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். மாதவிடாய்க்கான உள்ளாடைகள் இன்னும் எளிது. சிறப்பாசிரியரிடம் கேளுங்கள். ரத்தப்போக்கு மிக அதிகம் என்றால் அதைக் குறைக்க மருந்து இருக்கிறது.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாதவிடாய் விடுப்பு உண்டா?

தமிழ்நாட்டில் பொதுவான சட்டம் இல்லை. பிஹார் அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 1992-லிருந்தே மாதம் இரண்டு நாள் கொடுக்கிறது. கர்நாடக அரசு 2025-இல் தனியார் நிறுவனங்களையும் சேர்த்து மாதம் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு என்று முடிவெடுத்தது. விடுப்பு கொடுத்தால் பெண்களை வேலைக்கே எடுக்கமாட்டார்கள் என்ற பயத்தையும் நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆனால் விடுப்பு பற்றி வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, துணிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும். அதைத் தமிழ்நாடு 2021-இல் சட்டமாகவே ஆக்கிவிட்டது: கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம். உங்கள் கடையில் ஸ்டூல் இருக்கிறதா? கழிவறைக்குப் போய்வர நேரம் கொடுக்கிறார்களா? முதலில் இதைக் கேட்போம்.

சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது?

உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியர்தான் முதல் ஆள், அங்கன்வாடியில் விசாரித்தால் எந்த நாள் வருவார் என்று சொல்வார்கள். உடல்நலம் பற்றித் தொலைபேசியில் கேட்க 104. பள்ளியில் கழிவறை, நாப்கின், அவமரியாதை என்று எதுவாக இருந்தாலும் 14417. குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098. பிள்ளைகள் இந்த எண்களை வீட்டுப்பாட நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.